அடுப்படியும் கோழிக்கூடும் கிணறும்: ஒரு வளவைப் படித்தல்



"வீட்டுத்தோட்டம் ஒன்றை அமைப்பதால் ஒரு குடும்பம் பெறும் நன்மைகளை விளக்குக" என்று கேட்டால், என் வகுப்பில் பெரும்பாலானோர் ஒரே விடையைத்தான் எழுதுகிறார்கள். நஞ்சற்ற மரக்கறி கிடைக்கும், பணம் மிச்சமாகும், ஓய்வு நேரம் பயனுள்ளதாகக் கழியும், சூழல் அழகு பெறும். இவற்றில் ஒன்றும் பிழையல்ல. ஆனால் கேட்கப்பட்டது "பெயரிடுக" அன்று, "விளக்குக". ஒன்று ஏன் நடக்கிறது, எப்படி நடக்கிறது என்று சொன்னால்தான் அது விளக்கம்.

இதில் எனக்கு வருத்தம் என்னவென்றால், அந்த விடையை எழுதும் பிள்ளைகளில் அரைவாசிப் பேரின் வளவில் முருங்கை நிற்கிறது. நாலு கோழி மேய்கிறது. கிணற்றடியில் வாழை நிற்கிறது. கண்ணால் கண்டதை விட்டுவிட்டுக் கொப்பியில் எழுதித் தந்ததைப் பாடமாக்குகிறார்கள். மனைப் பொருளியலில் போசணை, விவசாயத்தில் கோழி வளர்ப்பும் கூட்டெருவும், விஞ்ஞானத்தில் நைதரசன் வட்டம் என்று மூன்று கொப்பிகளில் மூன்று பாடங்களாகப் படிப்பவை உண்மையில் ஒரே வளவுக்குள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்கின்றன. அந்தத் தொடர்பைப் பிடித்துவிட்டால் பாடமாக்கும் வேலை பாதியாகக் குறையும்.

நான் கலைப் பட்டதாரி. விவசாயம் எனக்குப் பல்கலைக்கழகத்தில் கிடைத்த அறிவல்ல, அம்மம்மாவின் வளவில் கிடைத்தது. ஆகவே யாழ்ப்பாணக் குடாநாட்டு வளவு ஒன்றையே உதாரணமாக எடுக்கிறேன். மட்டக்களப்பிலோ மலையகத்திலோ இருந்து படிப்பவர்கள் மண்ணையும் மழைக்காலத்தையும் தங்கள் ஊருக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு வறையிலிருந்து தொடங்குவோம்

முருங்கையிலையும் முட்டையும் சேர்த்த வறையை உங்களில் பலர் சாப்பிட்டிருப்பீர்கள். மத்தியானக் கறிக்கு வீட்டில் ஒன்றும் இல்லையென்றால் அம்மாமார் முதலில் அண்ணாந்து பார்ப்பது முருங்கை மரத்தைத்தான். கொப்பை முறித்து, இலையை உருவ முன்னரே கழுவி, நீரை வடியவிட்டு, பிறகு உருவுவார்கள். சட்டியில் கொஞ்சம் எண்ணெய் விட்டுக் கடுகு, சின்ன வெங்காயம், செத்தல் மிளகாய் தாளித்து, இலையைப் போட்டுச் சுண்டவிட்டு, மஞ்சளும் உப்பும் தேங்காய்ப்பூவும் சேர்த்து, கடைசியாக இரண்டு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறி இறக்குவார்கள். சில வீடுகளில் இறக்கிய பின் அரைத் தேசிக்காய் பிழிவார்கள்.

இந்தச் சமையலில் ஒவ்வொரு படிக்கும் ஒரு காரணம் உண்டு. இலையை உருவ முன்னர், கீரையாயின் அரிய முன்னர், கழுவுவது ஏன்? விற்றமின் சீயும் விற்றமின் பீ தொகுதியும் நீரில் கரைபவை. அரிந்த பின் கழுவினால் வெட்டு முகங்களினூடாக அவை கழுவுநீருடன் போய்விடும். தேங்காய்ப்பூவும் எண்ணெயும் சுவைக்காக மட்டும் அல்ல. இலையிலுள்ள கரட்டீன் கொழுப்பில் கரைவது. உணவில் கொழுப்புச் சிறிதளவாவது இருந்தால்தான் அது குடலில் நன்கு உறிஞ்சப்பட்டு உடலில் விற்றமின் ஏ ஆக மாறும். மாலைக்கண் நோயைப் பற்றி எழுதும்போது "கீரை உண்ண வேண்டும்" என்று நிறுத்தாமல் இதையும் எழுதுங்கள்.

அடுத்தது இரும்பு. முருங்கையிலையில் இரும்பு உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் தாவர உணவிலுள்ள இரும்பு, இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்பைப்போல இலகுவில் உறிஞ்சப்படுவதில்லை. விற்றமின் சீ அதற்கு உதவுகிறது. தேசிக்காய்ப்புளி அங்கேதான் வேலை செய்கிறது. வெப்பத்தில் விற்றமின் சீ அழிவதால்தான் இறக்கிய பின் பிழிகிறோம். மறுபுறத்தில், தேயிலையிலுள்ள தனின் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. சோறு தின்ற கையோடு தேநீர் குடிப்பவர் வறையில் இருந்த இரும்பின் ஒரு பகுதியை வீணாக்குகிறார். ஒரு மணித்தியாலமாவது கழியட்டும்.

இது பரீட்சைக்கு மட்டும் சொல்வதல்ல. மாலை வகுப்பில் ஐந்து மணிக்கே கண் சொருகி, படியேறினால் மூச்சு வாங்கும் பிள்ளைகளை நான் காண்கிறேன். பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாயினால் இரும்பு இழக்கப்படுவதால் இந்த வயதில் தேவை கூடுதல். மத்தியானச் சாப்பாட்டைத் தவறவிட்டு, பாணும் தேநீருமாக வகுப்புக்கு வந்துவிட்டு, "படிக்க மனம் வருவதில்லை, சேர்" என்று சொல்பவருக்கு இருப்பது சோம்பலாக இல்லாமல் குருதிச்சோகையாகவும் இருக்கலாம். அப்படி இருந்தால் வைத்தியசாலையில் ஈமோகுளோபின் பரிசோதித்துப் பாருங்கள்.

முட்டைக்கு வருவோம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. அவசியமான அமினோவமிலங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. சோற்றில் இலைசீன் என்ற அமினோவமிலம் குறைவு. முட்டை அந்தக் குறையை நிரப்புகிறது. பருப்பும் அதையே செய்யும். ஒரு சிறு எச்சரிக்கை: மஞ்சட்கருவில் இரும்பு உண்டு என்று எழுதலாம், ஆனால் அது நன்கு உறிஞ்சப்படுவதில்லை. ஆகவே இரும்புக்கு உதாரணமாக முட்டையை முதலில் எழுதாதீர்கள்.

கோழி தின்பதும் தருவதும்

வறைக்கு இலை உருவிய காம்பு, வெங்காயச் சருகு, முட்டைக்கோது, பானையில் ஒட்டிய சோறு ஆகிய இவை எங்கே போகின்றன? குப்பைக்குப் போனால் அது ஒரு வீடு. கோழிக்கும் எருக்கிடங்குக்கும் போனால் அது ஒரு வளவு. சோற்றுப் பருக்கையும் கீரைக் கழிவும் தவிடும் கோழிக்கு. காம்பும் வாழைத்தோலும் எருவுக்கு. உப்புக் கூடிய கறி மிச்சத்தைக் கோழிக்குப் போடக் கூடாது, அது கோழியைக் கொல்லவும் கூடும். பூஞ்சணம் பிடித்த தேங்காய்ப் புண்ணாக்கும் அப்படியே; அதில் அபிளாதொட்சின் என்னும் நஞ்சு உருவாகியிருக்கும். "பழுதானதைத்தானே கோழிக்குப் போடுகிறோம்" என்று சிலர் நினைக்கிறார்கள். பழுதானது வேறு, மிஞ்சியது வேறு.

முட்டைக்கோதின் பெரும்பகுதி கல்சியம் காபனேற்று. முட்டையிடும் கோழிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 கிராம் கல்சியம் தேவைப்படுகிறது. உணவில் கிடைக்காவிட்டால் தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். பிறகு மெல்லிய கோதுடன் முட்டையிடும், காலும் பலவீனமாகும். அம்மம்மா முட்டைக்கோதைச் சட்டியில் வறுத்து நொறுக்கித் தவிட்டுடன் கலந்து போடுவார். வறுப்பதனால் கிருமி அழியும். நன்றாக நொறுக்காமல் பாதிக் கோதாகப் போட்டால் கோழி தன் முட்டையையே கொத்தப் பழகிவிடும் என்பார். கடற்கரையூர்களில் சிப்பித்தூள் இதே வேலையைச் செய்கிறது.

குஞ்சுகளுக்குப் புரதம் வேண்டும். அதற்கு எங்கள் ஊரில் கறையான். பழைய பானைக்குள் காய்ந்த சாணமும் தென்னம்மட்டைத் தும்பும் ஈரமாக அடைத்து, கறையான் உள்ள இடத்தில் கவிழ்த்து வைத்தால் ஒன்றிரண்டு நாளில் பானை நிறைந்திருக்கும். தட்டிக் கொட்டியதும் குஞ்சுகள் ஓடி வரும் அழகைப் பார்க்க வேண்டும்.

ஊர்க்கோழி பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைக்குக் கிடக்கும். இதை நாங்கள் அவயக்கோழி என்போம். வெள்ளை லெகோன் போன்ற இனங்கள் அதிகம் முட்டையிடும், ஆனால் அடைகாப்பது அரிது; ஊர்க்கோழிக்கும் கலப்பினக் கோழிக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்டால் இந்த ஒரு குறிப்பு முக்கியம். கோழி முட்டை பொரிக்க 21 நாள், தாரா முட்டைக்கு 28 நாள். அடைக்கு வைக்கும் முட்டை ஒரு கிழமைக்குள் இட்டதாக இருப்பது நல்லது. ஏழாம் நாள் இரவில் முட்டையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், இப்போது கைத்தொலைபேசி வெளிச்சமே போதும். உள்ளே சிலந்தி வலைபோல் சிவப்பு நரம்புகள் தெரிந்தால் கரு வளர்கிறது. ஒன்றும் இல்லாமல் தெளிவாக இருந்தால் அது கருக்கட்டாத முட்டை. பாடநூலில் படமாகப் பார்த்ததை ஒரு தடவை உயிருடன் பார்த்தவருக்கு மறக்காது.

நோயைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நான் எட்டாம் ஆண்டு படித்த காலத்தில் எங்களிடம் பதினான்கு கோழிகள் இருந்தன. ஒருநாள் சந்தையில் வாங்கி வந்த சேவல் ஒன்றை அன்று மாலையே மற்றவற்றுடன் கூட்டில் அடைத்துவிட்டோம். ஐந்தாறு நாளில் கோழிகள் பச்சையாகக் கழியத் தொடங்கின, வாயைத் திறந்து மூச்சு வாங்கின, ஒன்றின் கழுத்து முறுகித் திரும்பியது. ஒரு கிழமை முடிய மூன்றுதான் மிச்சம். அது ராணிகெட் நோய். வைரசு நோயாதலால் மருந்தில்லை. முற்கூட்டியே தடுப்பூசி போடுவதே வழி. அதைப் பற்றி உங்கள் பகுதிக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்கலாம். புதிதாக வாங்கும் கோழியை இரண்டு கிழமையாவது புறம்பாக வைக்க வேண்டும் என்ற வரியைப் பாடநூலில் வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சேவல்தான் ஞாபகம் வரும். அந்த முட்டைக் காசில்தான் எங்கள் கொப்பி, பேனை எல்லாம் வந்தன.

எருவும் மிளகாய்க் கன்றும்

கோழி எச்சத்தில் வெள்ளையாகத் தெரிவது யூரிக்கமிலம். பறவைகள் சிறுநீரைத் தனியாகக் கழிப்பதில்லை. நைதரசன் கழிவு எச்சத்துடனேயே வருகிறது. அதனால்தான் மாட்டெருவைவிடக் கோழியெருவில் நைதரசன் கூடுதல். இதை அறியாமல் ஒருமுறை கூட்டிலிருந்து அள்ளிய பச்சை எருவைப் பன்னிரண்டு மிளகாய்க் கன்றுகளின் அடியில் தாராளமாகப் போட்டேன். நாலாம் நாள் இலையோரங்கள் கருகின. ஒரு கிழமையில் எட்டுக் கன்று பட்டுப்போயிற்று.

ஏன்? நுண்ணங்கிகள் யூரிக்கமிலத்தை உடைக்கும்போது அமோனியா வெளிவருகிறது. அது இளம் வேரைத் தாக்கும். அத்துடன் வேரைச் சுற்றிய மண்கரைசல் செறிவடைவதால் வேரிலிருந்து நீர் வெளியேறுகிறது. பிரசாரணத்துக்கு உதாரணம் கேட்டால் உப்பு நீரில் இட்ட உருளைக்கிழங்குத் துண்டைத்தான் எல்லோரும் எழுதுவீர்கள், கருகிய மிளகாய்க் கன்றையும் எழுதலாம்.

ஆகவே கோழியெருவை மக்கவிட வேண்டும். எச்சத்தில் நைதரசன் கூட, காய்ந்த சருகில் காபன் கூட. இரண்டையும் கலந்து, காபனும் நைதரசனும் ஏறத்தாழ 30:1 என்ற விகிதத்தில் அமைந்தால் நுண்ணங்கிகள் நன்றாக வேலை செய்யும். வீட்டில் இதை அளக்க முடியாது. ஒரு கூடை எச்சத்துக்கு இரண்டு மூன்று கூடை சருகு என்று கண்மதிப்பாகப் போட்டு, நாற்றம் வந்தால் சருகைக் கூட்டுங்கள். வேலியோரத்துப் பூவரசு, கிளிசரிடியாக் குழைகளையும் இடையிடையே போடலாம். பிழிந்த துணியின் அளவு ஈரம், இடைக்கிடை புரட்டுதல் இரண்டும் வேண்டும். குவியலின் நடுவில் வெப்பம் 55 பாகை செல்சியசைத் தாண்டிச் சில நாட்கள் நின்றால் பெரும்பாலான நோய்க்கிருமிகளும் களை விதைகளும் அழியும். இரண்டு மூன்று மாதத்தில் கறுத்து, மண் மணம் வந்தால் எரு தயார்.

பச்சை எருவில் சல்மனெல்லா போன்ற பற்றீரியாக்களும் இருக்கலாம். வல்லாரைச் சம்பலைப் பச்சையாக உண்கிறோம் என்பதை நினைத்துக்கொண்டு, கீரைப் பாத்திக்கு ஒருபோதும் பச்சை எரு போடாதீர்கள். பயிர்ச் சுழற்சியைப் பற்றி உங்கள் பாடநூலில் போதுமான அளவு இருக்கிறது. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். கத்தரி, மிளகாய், தக்காளி மூன்றும் ஒரே குடும்பம். கத்தரிக்குப் பின் மிளகாய் வைப்பது சுழற்சி ஆகாது. பயற்றையோ வெண்டியையோ இடையில் வையுங்கள்.

கிணறு

மாணவர்கள் விடைகளில் எழுதாத பகுதி இது. எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் இதுவே.

மண்ணில் அமோனியாவை வேறு பற்றீரியாக்கள் நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. பயிர் பெருமளவில் உறிஞ்சுவது நைத்திரேற்றையே. அது மறையேற்றம் கொண்ட அயன். களிமண் துணிக்கைகளும் மறையேற்றம் உடையவை. ஆகவே நைத்திரேற்று மண்ணில் ஒட்டிக்கொள்ளாது. பயிர் எடுக்காமல் மிஞ்சியது மழை நீருடன் கீழே போய்விடும்.

கீழே என்ன இருக்கிறது? குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மாரி மழை மண்ணினூடாக இறங்கி, வெடிப்புகளும் குகைகளும் நிறைந்த சுண்ணாம்புக் கற்பாறையில் தேங்குகிறது. அதையே கிணற்றில் அள்ளிக் குடிக்கிறோம். தோட்டத்துக்கு அளவுக்கு மிஞ்சி இட்ட யூரியா, மலசலகூடக் குழி, கோழியெருக் குவியல் எல்லாவற்றிலிருந்தும் கசியும் நைதரசன் அதே நீரைச் சேர்கிறது. வலிகாமம் பகுதியில் விவசாயம் செறிவாக நடக்கும் இடங்களில் பல கிணறுகளில் நைத்திரேற்றுக் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. குடிநீரில் நைத்திரேற்றின் அளவு இலீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். தாண்டிய நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிக்கக்கூடும்.

"கொதிக்க வைத்தால் சரிதானே, மிஸ் அப்படித்தான் சொன்னா" என்று ஒரு மாணவி என்னிடம் கேட்டாள். கொதித்தால் கிருமி சாகும். நைத்திரேற்று சாகாது. நீர் ஆவியாகிக் குறைவதனால் அதன் செறிவு கூடவே செய்யும். நிறமும் மணமும் சுவையும் இல்லாததால் பார்த்தும் அறிய முடியாது.

ஆகவே கோழிக்கூட்டையும் எருக்குவியலையும் கிணற்றிலிருந்து இயன்றளவு தூரத்தில், மழைவெள்ளம் கிணற்றுப் பக்கம் ஓடாத இடத்தில் அமைக்க வேண்டும். குவியலை மாரியில் கிடுகாலோ தறப்பாளாலோ மூட வேண்டும். பெருமழைக்கு முதல்நாள் எரு இடுவது பயிருக்கு இடுவதல்ல, கிணற்றுக்கு இடுவது. கிணற்றடிக் கழிவுநீரை வாழைக்கு விடும் பழைய வழக்கமும் நல்லதே: வாழை அந்த நீரையும் அதில் கரைந்துள்ள போசணையையும் எடுத்துக்கொள்கிறது.

பணம் மிச்சமாகுமா?

உண்மையைச் சொன்னால், எப்போதும் இல்லை. கடைத் தீன் மட்டும் வாங்கிப் போட்டு ஐந்து கோழி வளர்ப்பவருக்கு முட்டை கடை விலையைவிடக் கூடவாகவே முடியும். கணக்கு எழுதிப் பாருங்கள். தீனின் ஒரு பகுதி அடுப்படியிலிருந்தும் வளவிலிருந்தும் வந்து, எரு திரும்பத் தோட்டத்துக்குப் போனால்தான் கணக்கு நேராகும்.

ஆனால் கடையே இல்லாத நாட்களும் வந்திருக்கின்றன. 2006 ஓகஸ்ட் மாதம் ஏ9 பாதை மூடப்பட்டபோது எனக்கு உங்கள் வயது. கப்பல் வந்தால் அரிசி, வராவிட்டால் வரிசை மட்டும். அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் முருங்கையிலை, பப்பாக்காய்க் கறி, நாளுக்கு ஒன்றோ இரண்டோ முட்டை. அந்த முட்டை தம்பிக்கும் அம்மம்மாவுக்கும் முறை வைத்துக் கொடுக்கப்பட்டது. எனக்கு வறையில் கலந்து வந்ததுதான் பங்கு.

பின்னர் 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டதையும், 2022 இன் பொருளாதார நெருக்கடியையும் நீங்களே கண்டிருக்கிறீர்கள். சோள விளைச்சல் குறைந்தது. டொலர் இல்லாததால் தீன் மூலப்பொருள்களை இறக்குமதி செய்வதும் கடினமாயிற்று. தீன் இல்லாதபோது பண்ணைகள் கோழிகளைக் குறைத்தன. 2023 மார்ச் மாதம் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலை வந்தது. 2022 ஜூனில் வீட்டுத்தோட்டம் செய்வதற்கென்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை வழங்க அமைச்சரவை அனுமதித்தது. ஆனால் வெள்ளிக்கிழமை நட்ட முருங்கைத் தடி அடுத்த வெள்ளிக்கிழமை இலை தராது. ஏற்கனவே மரம் நின்ற வீடுகளே அந்த மாதங்களில் அதை உருவின.

பயிற்சி

உங்கள் வளவின் பரும்படிப் படமொன்றை வரைக. அதில் அடுப்படி, கிணறு, மலசலகூடம், கோழிக்கூடு, எருக்கிடங்கு, மரங்கள் ஆகியவற்றைக் குறித்து, மழைவெள்ளம் ஓடும் திசையை அம்புக்குறியால் காட்டுக. கோழி இல்லாதவர்கள் அயல்வீட்டுக் கூட்டைக் குறிக்கலாம்; அயலவரின் குழியும் உங்கள் கிணற்றுக்கு அருகில் இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். பின்னர் நேற்று வீட்டில் சமைத்த ஒரு கறியை எடுத்து, அதிலிருந்து மிஞ்சிய ஒவ்வொரு பொருளும் எங்கே போயிற்று என்று எழுதுக. இறுதியாக, படத்தில் ஒரே ஒரு பொருளை இடம் மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள், ஏன் என்பதைப் பத்து வரிகளில் விளக்குக. அடுத்த வகுப்புக்கு வரும்போது படத்தைக் கொண்டுவாருங்கள்.